பின்னால் நடந்து நீர் எடுத்த ஊர்

முன்னொரு காலத்தில், வருஷங்களுக்கு யாரும் பெயர் வைத்திராத நாளில், கொண்டலூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே ஓர் ஏரி. அதன் பெயர் ஈன்றாள் ஏரி. கேட்கிறவர்களில் சின்னவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். கதை கொஞ்சம் பயங்கரமானது. பின்னால் உட்கார்ந்தால் பயம் குறையும் என்று நினைக்க வேண்டாம்.

ஐப்பசியில் மழை இறங்கியதும் அந்த ஏரிக்குப் பறவைகள் வரும். நடு ஏரியில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும், முட்டையிடும், குஞ்சு பொரிக்கும். சித்திரை வெயில் ஏறும்போது குஞ்சுகளோடு கிளம்பிப் போய்விடும். அந்த மாதங்களில் ஏரி பிள்ளை பெறுகிறாள் என்று ஊர் சொல்லும். பிள்ளை பெறுகிறவளை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? அதனால் பறவைகள் வந்து போகும்வரை கொண்டலூரில் ஒருவரும் ஏரியைப் பார்ப்பதில்லை. மேளம் கிடையாது, வெடி கிடையாது, உரத்த சண்டை கிடையாது. பெண்கள் ஏரிக்கு முதுகைக் காட்டிப் பின்னால் நடந்தே போவார்கள். கரை இறங்கி, குதிகாலில் தண்ணீர் பட்டதும் உட்கார்ந்து, குடத்தை இடுப்புக்குப் பக்கத்தில் பின்னுக்குச் சாய்த்து முகந்துகொண்டு, தலையைத் திருப்பாமல் வீட்டுக்கு வருவார்கள்.

மருமகளாக வருகிற பெண்ணுக்கு முதலில் பின்னால் நடக்கத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது பெரிய கேலி. "கொண்டலூர்ப் பொண்ணைக் கட்டாதப்பா. சண்டைன்னா முதுகைக் காட்டிக்கிட்டுத் திட்டுவா. அவ வாயை அடைக்க நீ சுத்திப் போகணும்" என்பார்கள்.

ஆனால் பிரசவ அறைக்குள் ஒருத்தி போவாள் அல்லவா, மருத்துவச்சி? ஏரிக்கும் ஒரு மருத்துவச்சி இருந்தாள். வீட்டுப் பிரசவத்துக்கு என்ன வழக்கமோ அதுவே அங்கேயும். மருத்துவச்சி வாசலில் நின்று, "பாக்க வரலை, ஏந்த வர்றேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனபின் பொய் பேசக் கூடாது, பேச முயன்றாலும் வாய் வராது என்பார்கள். பிறக்கிற பிள்ளையின் காதில் முதலில் விழுவது பொய்யாக இருக்கக் கூடாது என்பது ஊரின் எண்ணம்.

அவள் இடுப்பளவு நீரில் நடந்து போவாள். பறவையின் காலில் சுற்றிக்கொண்ட நாரை அவிழ்த்துவிடுவாள். கீழே விழுந்த குஞ்சைக் கூட்டில் வைப்பாள். மதகை எவ்வளவு திறந்தால் பறவைக்கும் வயலுக்கும் நீர் கிடைக்கும் என்று பார்ப்பாள். வெளியே வந்து ஊருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வாள். இன்னும் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "மிச்சம் அவளுக்கும் எனக்கும்" என்பாள். இப்படி ஊரில் எல்லோருக்கும் ஏரி ஒரு மர்மமாகவும், ஒருத்திக்கு மட்டும் தெரிந்த வீடாகவும் இருந்தது.

அந்த மருத்துவச்சி, தனக்குப் பின் யார் என்று சொல்லாமல் செத்துப்போனாள். அந்த வருஷம்தான் திரைச்சாமி வந்தான்.

மந்திரவாதி என்றதும் மண்டையோட்டையும் கோரைப் பல்லையும் நினைக்காதீர்கள். இவன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். குரல் மெதுவாக இருந்தது. தோளில் தோல் கட்டிய ஒரு பானை தொங்கியது. ஊரைக் கூட்டி வைத்து அவன் பேசினான். "நீங்கள் எல்லோரும் முகம் திருப்பிக்கொள்கிறீர்கள், நல்லது. ஒருத்தியை மட்டும் ஏன் பார்க்க விட்டீர்கள்? ஒரு கண் பார்த்தாலும் பார்த்ததுதானே. அறிந்தது அழுகும். அறியாதது வாழும்."

இதில் பொய் எங்கே என்று என்னைக் கேட்டால் உடனே விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஊருக்கும் அழகாகத்தான் இருந்தது. நம்முடைய வழக்கத்தையே நம்மைவிட நன்றாகச் சொல்கிறானே என்று அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். இனி ஏரிக்கு மருத்துவச்சி வேண்டாம் என்று முடிவானது.

திரைச்சாமி தறிக்காரர்களைக் கொண்டு நீளமான கறுப்புத் துணி நெய்யச் செய்தான். ஏரியைச் சுற்றி மூங்கில் நட்டு அதைக் கட்டினான். வெயில் காலத்திலும் அதை அவிழ்க்கவில்லை. தண்ணீர்த்துறையில் மட்டும் துணியின் அடிப்பக்கத்தைக் குடம் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டான். காவலுக்கு என்று தான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தான். வெள்ளிதோறும் வெளியே வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான். ஏரியைப் பற்றிய பாடம்தான். மூன்றே சொல். கேட்காதே, பார்க்காதே, தொடாதே. பிள்ளைகள் அதை ராகம் போட்டுப் பாடினார்கள்.

சங்கிலி என்ற இளவட்டம் ஒருவன் பந்தயம் கட்டித் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். துணியின் கறுப்பு அவன் கண்ணில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் பந்தயம் கட்டவில்லை.

வருஷங்கள் போயின. பறவைக் குரல் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் நெல் பதராகியது. தண்ணீரில் ஒரு வாடை வந்தது. பிறகு தொட்டில் பிள்ளைகள் சாகத் தொடங்கின. முதலில் வயிறு போகும், பிறகு அழுகை மெலியும், பிறகு அழுகை நிற்கும். ஊர் திரைச்சாமியிடம் ஓடியது.

"யாரோ ஒருத்தி திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஏரி கோபமாக இருக்கிறாள்" என்றான் அவன்.

யார் பார்த்தது? வேறு யார், பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் பார்த்திருப்பாள். அப்படி ஒரு கணக்கு ஊருக்குள் தானாக உண்டாயிற்று. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயை, புழக்கடையில் நின்று மற்றப் பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சிலம்பாயி அப்படிப் பார்க்கப்பட்டவள். கோரை அறுத்துப் பாய் முடைகிற மூக்கனின் மனைவி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். இப்போது மூன்றாவது வயிற்றில், நிறைமாதம். திரைச்சாமி போன வெள்ளியே சொல்லிவிட்டான். "மூன்றாவதும் போனால் சந்தேகம் இல்லை. அவளை ஏரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும்." ஒப்படைப்பது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் ஊர் நன்றாகத் தேறியிருந்தது.

சிலம்பாயி ஒருநாளும் திரும்பிப் பார்த்தவள் இல்லை. ஆனால் அவளுக்குக் காது இருந்தது. ஒருநாள் காலையில் துறையில் உட்கார்ந்து குடத்தைச் சாய்த்தபோது, திரைக்குப் பின்னால் ஒரு குஞ்சு அழுவதைக் கேட்டாள். கூட்டிலிருந்து இரை கேட்டு அழுகிற குரல். போன மாதமும் அதே குரல். போன வருஷமும் அதே குரல், அதே விக்கல், விக்கலுக்குப் பிறகு அதே இடைவெளி.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இது தெரியும். பிறந்த அன்று அழுகிற குரல் ஒரு வாரத்தில் மாறிவிடும். ஒரு மாதத்தில் அது வேறு பிள்ளையின் குரல் போல இருக்கும். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் ஒவ்வொரு நாள் அழுகையும் அவளுக்குத் தனித்தனியாக நினைவிருந்தது. வளராத குரலில் அழுகிற குஞ்சு எது?

வீட்டில் சொன்னாள். மூக்கன் முடைந்துகொண்டிருந்த கோரையைக் கீழே போட்டான்.

"இந்தா புள்ள, இந்தப் பேச்சு இதோட சரி."

"நான் பாக்கலையே. காதுல விழுந்ததைச் சொன்னேன்."

"காதுல விழுந்தா காதுலயே வச்சுக்க."

அவனுடைய தங்கை ஒச்சாயி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பதர்தான் அதிகம் பறந்தது. "எங்கண்ணன் ரோசத்தைப் பாரு" என்றாள். "மதினி, ஒனக்குக் காது ரொம்பத்தான் கூர்மை. நேத்து நான் ஒன்னைய வஞ்சது மட்டும் விழலையாக்கும்?"

"விழுந்துச்சு. ராத்திரி சோத்துல உப்புப் போடாம விட்டனே, எதுக்குன்னு நெனச்ச?"

ஒச்சாயி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேணாம் மதினி. மூணாவதும் போகணுமா?" என்றாள்.

போகக் கூடாது என்றுதான் சிலம்பாயி அந்த வெள்ளிக்கிழமை திரைச்சாமியிடமே போய்க் கேட்டாள்.

"சாமி, உள்ள அழுகிற குஞ்சு ஏன் வளரல?"

அவன் புன்னகை செய்தான். "ஏரியில் நாள்தோறும் குஞ்சு பிறக்கிறது, தாயே. பிறந்த குரல் எல்லாம் ஒன்றுதான்."

"ஒரே மாதிரி விக்குமா சாமி? அதே எடத்துல?"

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். "இவ்வளவு உன்னிப்பாக ஏன் கேட்கிறாய்? கேட்பதும் ஒரு பார்வைதான்."

அன்று மாலையே ஊருக்கு ஒரு புதுக் கட்டளை வந்தது. தண்ணீருக்குப் போகிறவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு போக வேண்டும். ஊர் அடைத்துக்கொண்டது. பஞ்சுக்காரனுக்கு மட்டும் அந்த வருஷம் நல்ல வருஷம்.

காதை அடைத்தபிறகு சிலம்பாயியின் குதிகால் விழித்துக்கொண்டது. பின்னால் நடந்து இறங்க இறங்க, தண்ணீர் முன்பு இருந்த இடத்தில் இல்லை என்று கால் சொன்னது. இறக்கம் நீண்டிருந்தது. காலடியில் ஏதோ நொறுங்கியது. நத்தைகள். போகிற வழியெல்லாம் நத்தைகள்.

ஒரு மத்தியானம் அவள் துறையில் இருந்தபோது துணியின் அடியிலிருந்து ஏதோ நகர்ந்து வந்து அவள் மடியில் விழுந்தது. கிழட்டு நாரை ஒன்று. எலும்பும் இறகுமாக இருந்தது. அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் நடுவில் சேராமல் ஒரு சந்து விட்டிருந்தது. அதன் அலகு அசைவதைப் பார்த்து அவள் பஞ்சைப் பிடுங்கினாள்.

"பேசுறியா நீ?"

"என் அலகைப் பாரு" என்றது நாரை. "மூட வராது. மூட வராத வாய்ல ரகசியம் எப்படித் தங்கும்? அதான் பேசுறேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

சிலம்பாயிக்கு அந்த ஒரு சொல் சங்கிலியின் இருட்டைவிடக் கறுப்பாக இருந்தது.

"வந்த முதல் வருஷமே எங்க குஞ்சுகளோட பிறந்த நாள் குரலை அந்தப் பானைக்குள்ள பிடிச்சு அடைச்சான். அதுதான் பாடிக்கிட்டு இருக்கு. முட்டையை எல்லாம் தின்னான். ஒரு முட்டைக்கு ஒரு நாள் ஆயுசு கூடும் அவனுக்கு. மத்த பறவைங்க வேற ஊருக்குப் போயிருச்சு, இல்ல செத்துருச்சு. நாங்க நத்தை தின்னுற சாதி. நாங்க போனதும் நத்தை பெருத்துச்சு. நத்தை தண்ணிப் புல்லை எல்லாம் தின்னு தீத்துச்சு. வேரில்லாத தண்ணி அழுகிப்போச்சு. அந்தத் தண்ணிதான் ஒன் குடத்துல."

அவள் குடத்தைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் குடத்திலிருந்துதான் பாலாடையில் தண்ணீர் புகட்டினாள். ஒருவர் சொல்லியிருந்தால் போதும். தெரிந்துகொள்ள ஒருவர் உள்ளே போயிருந்தால் போதும்.

"இதை எப்படி நிறுத்துறது?"

"எனக்குத் தெரியாது. நான் நத்தையைக் குத்தித் தின்னுற பறவை, மந்திரம் படிச்சவளா? ஆனா ஒண்ணு. போன வாரம் நான் போட்ட முட்டை இன்னும் அவன் கையில இருக்கு. ஏரியில கடைசி முட்டை. அதைத் தின்னுட்டா அவன் பானையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஏரிக்குப் போயிருவான்."

சிலம்பாயி எழுந்தாள். ஓடவில்லை, நிறைமாத வயிற்றோடு ஓட முடியாது. திரைக்கு முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மாதத்தில் ஏரியை நோக்கி முகத்தைத் திருப்பினாள். எதிரே கறுப்புத் துணிதான் இருந்தது. பிள்ளை பெறும்போது இரண்டு முறை அவள் கேட்ட சொல் அவளுக்கு நினைவிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் மருத்துவச்சி அல்ல. யாரும் அவளை நியமிக்கவில்லை.

"பாக்க வரலை, ஏந்த வர்றேன்."

ஏரி பேசவில்லை.

"பாக்க வரலை, ஏந்த வர்றேன்."

ஏரி பேசவில்லை.

"பாக்க வரலை, ஏந்த வர்றேன்."

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். அது சரியா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பயந்து நிற்கிறவர்கள் கிடைத்ததைப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. துணியை விலக்கினாள். கறுப்பு அவள் இமைவரை வந்தது. கண்ணில் ஒட்டாமல் நின்றது.

உச்சி வெயிலில் ஏரி கிடந்தது. வெடித்த சேறு. துறையை ஒட்டி மட்டும் பச்சையாக ஒரு குட்டை. நீர்க்கடம்பு மரங்களில் வெறும் கூடுகள், குச்சி குச்சியாய். மரத்தடியில் முட்டை ஓடுகள் ஒரு மேடாகக் குவிந்திருந்தன. மேட்டின் மேல் திரைச்சாமி உட்கார்ந்திருந்தான். பானை பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தது. அவன் கையில் ஒரு வெள்ளை முட்டை.

அவன் கோபப்படவில்லை. "வந்துவிட்டாயா, உட்கார்" என்றான். "பார்த்தாய் அல்லவா. போய் ஊரிடம் சொல். என்ன நடக்கும் தெரியுமா? உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுநாள் இந்த மரங்களை விறகுக்கு வெட்டுவார்கள். குட்டையைக் கலக்கி மீன் பிடிப்பார்கள். ஏரியை உழுது பங்கு போடுவார்கள். மர்மம் போனபிறகு எதை எவன் காப்பாற்றியிருக்கிறான்? நானாவது மரத்தை விட்டுவைத்தேன்."

அவன் சொல்வது நடக்கும் என்று சிலம்பாயிக்குத் தோன்றியது. தன் புருஷனையே அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். இவன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த மூன்று சொல்லில் முதல் சொல் ஏன் கேட்காதே என்று இருக்கிறது? இத்தனை வருஷமாக இந்தத் திரைக்குள் இவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இது பிரசவ அறை. இங்கே பொய் சொல்ல முடியாது.

"நீ இங்க பாக்க வந்தவனா?" என்று கேட்டாள்.

அவன் முகம் வெளுத்தது. "இல்லை" என்றான்.

"ஏந்த வந்தவனா?"

வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கு வழியாகச் சொல் வந்துவிட்டது. "இல்லை."

"அப்ப எதுக்கு வந்த?"

அவன் எழுந்து ஓடப் பார்த்தான். ஓட்டு மேடு காலடியில் சரிந்தது. அவன் பல்லைக் கடித்தான், நாக்கைக் கடித்தான். "தின்ன வந்தவன்" என்றது அவன் வாய்.

சொன்னதும் தின்ற நாள்கள் எல்லாம் அவன்மேல் ஒன்றாக வந்து இறங்கின. முடி நரைத்து உதிர்ந்தது. தோல் சுருங்கி எலும்பில் ஒட்டியது. எலும்பு ஓட்டோடு ஓடாக நொறுங்கியது. முட்டை கீழே விழுமுன் சிலம்பாயி ஏந்திக்கொண்டாள். பானை தானாக வெடித்தது. அதிலிருந்து வெளியே வந்தது மூச்சளவு காற்று. குரல்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் இல்லாமல் வெயிலில் கரைந்துபோயின. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

அந்த அமைதியில் அவளுக்கு இடுப்புவலி கண்டது.

முட்டையை மடியில் முடிந்துகொண்டு சேற்றில் சாய்ந்தாள். கத்தினாள். திரைக்கு அந்தப் பக்கம் துறையில் தண்ணீருக்கு வந்த பெண்கள் இருந்தார்கள், ஒச்சாயியும் இருந்தாள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் பஞ்சு. பத்தடி தூரத்தில் ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

நாரை தத்தித் தத்திப் போய் ஒச்சாயியின் தோளில் ஏறி, அவள் காதிலிருந்த பஞ்சைக் கொத்தி எடுத்தது. ஒச்சாயி மதினியின் குரலைக் கேட்டாள். குடத்தை விட்டுவிட்டுப் பின்னால் நடந்தே திரையை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மதினி, எங்க இருக்க?"

"இங்கதான். திரும்புடி."

"திரும்புனா கண்ணு போயிரும்."

"திரும்பாம எப்படிடி பிள்ளையைப் பிடிப்ப, முதுகாலயா?"

"சங்கிலி கதை தெரியும்ல ஒனக்கு?"

"அவன் வேடிக்கை பாக்க வந்தான். நீ எதுக்கு வந்த? அதைச் சொல்லிட்டுத் திரும்பு."

ஒச்சாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சொல்லை மூன்று முறை சொன்னாள். திரும்பினாள். முதலில் பார்த்தது செத்த ஏரியை. இரண்டாவது பார்த்தது மதினியை. அழுவதற்கு நேரமில்லாததால் அழாமல் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. அது அழுத குரல் திரையையும் தாண்டி, பஞ்சையும் தாண்டிப் போனது. துறையில் இருந்த பெண்கள் ஒருத்தியின் கையை ஒருத்தி தட்டிப் பஞ்சை எடுத்தார்கள். பானையின் குரல் இல்லை. புதுக் குரல் ஒன்று. ஒவ்வொருத்தியாகத் திரும்பினாள். திரை மூங்கிலோடு சாய்ந்து விழுந்தது. ஊரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த சங்கிலியின் கண்ணிலிருந்து கறுப்பு உரிந்து விழுந்தது. அவன் தடவாமல் நடந்து கரைக்கு வந்து, ஏரியைப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

இத்தோடு கதை முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. மந்திரவாதி சொன்னது நடக்கத் தொடங்கியது.

பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து காய்ச்சிக் குடித்து, பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக்கை வந்த நாளில், மூக்கன் ஏர்க் கலப்பையைத் துடைத்தான்.

"எங்க கெளம்பிட்டீக?"

"ஏரிக்குத்தான். நல்ல வண்டல் புள்ள. ஊரே பங்கு கேக்குது. நாம மட்டும் சும்மா இருந்தா நாளைக்குப் பிள்ளைக்கு என்ன இருக்கும்?"

"அது ஏரி."

"ஏரின்னு இத்தனை நாள் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னோமே, என்ன கெடைச்சுச்சு? அதான் உள்ள ஒண்ணும் இல்லையே."

ஏரியை உழக்கூடாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சாபம் வரும் என்று பயமுறுத்தியிருக்கலாம். பயமுறுத்தினால் அவளும் ஒரு திரையைக் கட்டினவள் ஆகிவிடுவாள். ஏரி ஏன் வேண்டும் என்று விளக்கியிருக்கலாம். பசித்தவனிடம் விளக்கம் எவ்வளவு தூரம் போகும்? அவள் மூலையிலிருந்த கோரைக் கூடையைக் காட்டினாள். அதில் கிழட்டு நாரை முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு இருக்கு. இது பொரிக்கிறவரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் என்னவோ செஞ்சுக்கங்க."

"உசுரு இருக்கா அதுக்குள்ள?"

"தெரியல."

ஊர் பொறுத்தது. ஒரு முட்டைக்காகவா என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் கூடையை ஏரிக்கரையில் வைத்ததும் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளைத் தேடிப் பெரியவர்கள் வந்தார்கள். உள்ளே இப்ப என்ன நடக்குது, அத்தை? குஞ்சுக்கும் அலகு இப்படித்தான் சந்து விட்டிருக்குமா? எப்ப வெளிய வரும்? வந்தா என்ன திங்கும்? சிலம்பாயிக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நாரைக்குத் தெரிந்ததை நாரை சொன்னது. இரண்டு பேருக்கும் தெரியாததைத் தெரியாது என்றார்கள். வந்தால் நத்தை தின்னும். நத்தைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு மதகு அடைபட வேண்டும். மதகில் ஓட்டை எங்கே? யாரோ ஒருவன் பார்க்கப் போனான். பார்க்கப் போனவன் மண்வெட்டி கேட்டு அனுப்பினான். மதகு அடைந்தபோதுகூட முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் மறுநாளும் வந்தார்கள்.

முட்டையில் கீறல் விழுந்த மத்தியானம், ஊர் முழுக்கக் கரையில் நின்றது. யாரும் முதுகைக் காட்டவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஓடு பிளந்து, ஈரமான ஒரு தலை வெளியே வந்து, பசியில் வாயைத் திறந்தது. கிழட்டு நாரை எழுந்திருக்க முயன்றது. முடியவில்லை. இறகை விரித்துக் கூடையின் ஓரத்தில் சாய்ந்து, அப்படியே அடங்கிப்போனது.

குஞ்சு கத்தியது. விறகு வெட்ட அரிவாளோடு வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இதுக்கு இனி யாரு நத்தை பிடிச்சுக் குடுக்கிறது?"

அவன் கலப்பையைக் கரையில் சாய்த்து வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். கொஞ்சநேரம் கழித்துச் சங்கிலியும் இறங்கினான். பிறகு பிள்ளைகள்.

பறவைகள் திரும்பி வரப் பல வருஷம் ஆயிற்று. செத்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அந்தத் தாய்மார்களிடம் ஊர் மன்னிப்புக் கேட்டதா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். சிலம்பாயியை ஏரிக்கு மருத்துவச்சியாக ஊரே கூடி வைத்தது, அரசன் அதைக் கேள்விப்பட்டு மதகை அவள் சொல்படி திறக்க ஆணை போட்டான். ஏரி நிறைந்தது, நெல் மணி பிடித்தது, தொட்டில்கள் ஆடின. ஏரி நிறைகிற ஊர்களில் எல்லாம் இந்தக் கதை இங்கேதான் நிற்கும். இன்னும் நிறையாத ஊர்க்காரர்கள் எழுந்து, போகிற வழியில் உங்கள் ஏரியில் கொஞ்சம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.